பேரேட்டின் ஓரத்தில்

கீழமாசி வீதி வத்தல் மண்டியில்
நான் கணக்கு.
குண்டூர் மூட்டை பிரிக்கையில்
தெருவே தும்மும்.
எனக்குத் தும்மல் வராது,
நெஞ்சுக்குள் யாரோ சீட்டியடிப்பார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு குழாயைத் தந்து
ஊதச் சொன்னார்கள்.
நூற்றெழுபது.
பத்து வயசுப் பையனே
இதைவிட ஊதுவான், என்றார் டாக்டரம்மா.
இளைப்பு இல்லாத நாளும் மருந்தை இழுக்கணும்,
இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும்.
மண்டியை விட்டுடுங்க என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்,
மூச்சிருந்தால்.

இப்போது வத்தல் விலைக்குப் பக்கத்தில்
பென்சிலில் தினம் ஓர் எண்.
இருநூற்றுப் பத்து. இருநூற்று அறுபது.
செல்லூரில் டயர் எரித்த
போகிக்கு மறுநாள் நூற்றைம்பது.

பேரேட்டைப் புரட்டிய முதலாளி கேட்டார்:
என்னய்யா சரக்கு இது,
ஏறுது, இறங்குது,
வித்த மாதிரியே தெரியலையே?

கையிருப்புங்க, என்றேன்.