இருநூற்று எண்பத்தெட்டில் ஒன்பது

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம்
பல்லடத்துச் சர்வர் கேட்கும்:
கேத்தனூர் ஸ்விட்ச்சே, எத்தனை போச்சு, எத்தனை வந்தது?
அது ஒரு எண் சொல்லும்.
ஒரு நாளைக்கு இருநூற்று எண்பத்தெட்டு தரம்.

பார்த்துப் பழகினால் கிராஃபில் ஊர் தெரியும்.
காலை ஒன்பதுக்கு மில் ஆபீஸ் ஏறும்.
கோழிப்பண்ணைக் கொட்டகைகள்
சூடு எத்தனை, ஈரம் எத்தனை என்று
ராவும் பகலும் முணுமுணுக்கும், தரையோடு தரையாக.
ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு
மில் ஹாஸ்டல் செங்குத்தாக நிற்கும்:
ஒடிசாவில் யாரோ ஒரு குழந்தையைத்
திரைக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.
நோம்பிக்கு மில் மூடினால் பள்ளம்.

கோப்பு மட்டும் வளராது.
அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான்.
முதல் நாள் பிடித்த இடம்தான் பத்து வருஷம் கழித்தும்.
செக்காட்டம் சுற்றும்; சுற்றி வந்து
பழசின் தலைமேலேயே புதுசை எழுதும்.
இரண்டு நாளைக்கு ஐந்து நிமிடக் கணக்கு,
இரண்டு வாரத்துக்கு அரைமணி,
இரண்டு மாசத்துக்கு இரண்டு மணி,
அதற்கப்புறம் நாளுக்கு ஒரே புள்ளி. சராசரி.
ஒரு மத்தியானம் தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே
நான் போட்ட கணக்கு இது,
டிஸ்க் மிச்சமாகுமே என்று.

முந்தின வருஷ ஆடியில்
கணவாய் வழியே இறங்கிய காத்து
காற்றாலைகளைப் பைத்தியமாக்கிய ராத்திரி.
இரண்டு பத்துக்குக் கேத்தனூர் சிவப்பானது.
நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.
"சித்தெ பொறுங் மேடம், புளியமரத்துக்கிட்ட
அறுந்து கெடக்குது, ஒட்டிப் போடறேன்."
இரண்டு ஐம்பத்தைந்துக்குப் பச்சை.
போனில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு
ஃபிளாஸ்கைத் திறந்தேன்.

பதினான்கு மாசம் கழித்து, திருப்பூரில் கேஸ்.
இரண்டு மணிக்கே வேலையை விட்டுக் கிளம்பிவிட்டார்,
கம்பம் ஏறியது சொந்தக் காரியத்துக்கு, என்று
எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது.
அவர் சம்சாரம் தெய்வாத்தாள்
லிஃப்ட் இல்லாத மூன்று மாடி ஏறிவந்து கேட்டார்:
"அந்த லைன் எத்தன மணிக்குத் திரும்பி வந்துதுன்னு
உங்க பொட்டிக்குத் தெரியுமாமேங்க?"

தேதியைப் போட்டேன். வரைந்தது.
ஒரு புள்ளி.
பள்ளம் இல்லை.
முதல்நாளைவிட, மறுநாளைவிட
ஒரு மயிரிழை உயரம்கூட.

கூட்டிப் பார்த்தேன். பிழை இல்லை.
ஸ்விட்ச் பதில் சொல்லாத ஒன்பது தரமும்
பூச்சியம் அல்ல, 'தெரியாது'.
தெரியாததைச் சராசரியில் சேர்ப்பதில்லை.
பாதிக்குமேல் தெரிந்தால் போதும்,
முழு நாளும் தெரிந்ததாகவே எழுதிக்கொள்ளும்.
ஊர் தூங்கும் நேரத்துச் சின்ன எண்கள்
ஒன்பது உதிர்ந்துபோக
மிச்சத்தின் சராசரி ஏறிவிட்டது.
நாச்சிமுத்து இருட்டில் ஒட்டிக்கொண்டிருந்த முக்கால்மணி
அந்த நாளைக் கொஞ்சம் நல்ல நாளாக்கியிருந்தது.

இதை எப்படிச் சொல்வேன் அந்தம்மாவிடம்?
"பழைய கணக்கு தேஞ்சு போச்சுங்க" என்றேன்.
"தேயறதுக்கு அதென்னங், சோப்பா?"

இப்போது எல்லா லைனுக்கும்
ஐந்து நிமிடத்தை ஐந்து வருஷம் வைக்கிறேன்.
ஒரு லைனுக்கு இரண்டு சினிமாப் பாட்டு இடம்.
அவ்வளவுதான் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

புதன்கிழமை வாய்தா.
கம்பெனி வக்கீல் கேட்பார்: பதிவு இருக்காம்மா?
கோப்பில் இல்லை.
அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் என்னுது, பச்சையைப் பார்த்த கண்ணும் என்னுது.
வியாழக்கிழமை என் நாற்காலியில்
யார் உட்காருவார்களோ, தெரியாது.
தெரியாது, பூச்சியம் அல்ல.

போனை மட்டும் மறுபடி மறுபடி திறந்து பார்க்கிறேன்.
நாச்சிமுத்து, லைன்மேன்.
ஒரு மஞ்சள் கட்டைவிரல்,
இரண்டு ஐம்பத்தாறு,
இரண்டு டிக்,
நீலமாகாமல்.