கையிருப்பு

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் எடைமேடை.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் லாரிகளில்
வாயுடைந்த பம்பு, கதவில்லாத பீரோ,
தையல் மெஷினின் கால் மட்டும்.
எல்லாவற்றையும் நான்
இரும்பு என்று ஒரே சொல்லில் எழுதுகிறேன்.

பெஞ்சலய்யா தொடையில் அச்சுத்தண்டு சரிந்தது போன மாதம்.
அன்றைக்குக் கத்தரிக்காய் நிறம்.
ஐந்தாம் நாள் பாசி.
அப்புறம் மஞ்சள். அதற்கும் அப்புறம்
சந்தேகமே வேண்டாம், துரு.
கைலியை ஒதுக்கிக் காட்டினான்:
"சூடு அக்கா, உள்ள கூட ஒரு யார்டு நடக்குது."

நடக்கத்தான் நடக்கிறது.
நாலு மாதம் ஓடித் தேய்ந்த சிவப்பணுவை
மண்ணீரல் மடக்கி விழுங்குகிறது,
உடைத்து
இரும்பை மட்டும் பிரித்தெடுத்து
புரதக் கூட்டுக்குள் பூட்டுகிறது.
அவிழ்த்து விட்டால் அது வீட்டையே கடிக்கும்.
பிறகு எலும்புக்குள் லோடு ஏறும், புது அணுவுக்கு.
வெளியே அனுப்ப கேட் பாஸ் போடத் தெரியாத கம்பெனி.
அடிபட்ட இடத்தில் சிந்தியதைக்கூட
குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொள்கிறது.

என் ரத்தச் சீட்டில் ஃபெரிட்டின் ஆறு.
"கையிருப்பு சுத்தமா இல்லையேம்மா"
என்றார் தடாவில் டாக்டரம்மா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூவாயிரம் டன் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது,
சாவி என் இடுப்பில்.

கணக்கு உதைத்தால்
எங்கே கசிகிறதென்று பார்ப்பது என் வேலை.
பார்த்தேன்.
பதினாலு வயதிலிருந்து மாதம் ஐந்து நாள்,
இப்போது ஒன்பது.
பிள்ளை இரண்டு. கலைந்தது ஒன்று.
பெஞ்சலய்யா உடம்பில் இல்லாத கேட்,
சீட்டே போடாமல் இருபத்தைந்து வருஷம்
திறந்து கிடந்திருக்கிறது.

ஒரு ஆளுக்கு மொத்தமே
மூணு, நாலு கிராம்தானாம்.
ஒரு ஆணி.
லாரி வராத மத்தியானம் மேடை நடுவில் போய் நின்றேன்.
ஜன்னல் வழியே பெஞ்சலய்யா கத்தினான், "நாற்பது!"
நாற்பத்தெட்டு நான்.
எட்டைக் காணோம், ஆணியை யார் தேடுவது.

ராத்திரி மாத்திரை.
நாக்கில்
யார்டில் மழை விழும் முதல் நிமிஷத்து ருசி.
மூன்று மாதம், தினம் ஒன்று.
வரட்டும் லோடு.