இருநூறு டொலர்

தாதி போனில் கேட்ட முதல் கேள்வி:
வீட்டில் சமைப்பது யார்?
நான்தான் என்றேன்.
அதைச் சொல்ல அன்றுவரை
நான் கூசியதில்லை.

கீழறையில் வாடகைக்கு இருக்கிறான் சாருஜன்.
படிக்க வந்த பொடியன்.
இரண்டு நேரச் சாப்பாட்டுக்கு மாதம் இருநூறு டொலர்,
கடித உறைக்குள் வைத்து
குளிர்பெட்டிக்கு மேலே விட்டுப் போவான்.
கறிக்குக் கரண்டி, சோற்றுக்கு அகப்பை.
சம்பலுக்கு மட்டும் கை.
கரண்டியால் பிசைந்தால் சம்பல் சம்பலாக வராது,
எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஒக்டோபரில் அவனுக்கு வயிறு இரைந்தது.
நவம்பரில் சளி, பிறகு இரத்தம்.
வகுப்பில் கதவோரக் கடைசி வாங்கு.
போர்ட்டேஜ் அவெனியூவில் பாதிவழியில் பஸ்ஸை விட்டிறங்கி
முன்பின் தெரியாத கோப்பிக்கடைக்குள் ஓட்டம்.
குடல் அழற்சி என்று ஒருவர் குளிசை எழுதினார்.
அந்தக் குளிசையில் அவன் மெலிந்தான்,
நோய் கொழுத்தது.
கிறிஸ்மஸ் கிழமை
வலது விலாவுக்குக் கீழே சட்டை பட்டாலே துடித்தான்.
ஈரலில் சீழ்.
தோடம்பழ அளவு என்றது ஸ்கான்.

அமீபா.
பள்ளிக்கூடத்தில் பென்சிலால் கீறினோமே,
ஓரமே இல்லாத ஒன்று,
எப்படிக் கீறினாலும் டீச்சர் சரி போட்ட ஒரே படம்.
அதற்கு இப்படி ஒரு சொந்தக்காரன் இருப்பதும்,
அவன் குடற்சுவரைக் குடைந்து
சிவப்பணுவை விழுங்குவான் என்பதும்
பாடத்தில் இல்லை.

எனக்கும் மூன்று போத்தல் தந்தார்கள்.
மூன்று நாள், மூன்று விடியல்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
பழுப்புப் பையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு
வின்னிப்பெக் பனியில் ஆய்வுகூடத்துக்கு நடந்தேன்.
எதிரே வந்தவள் சிரித்து
சூடாக ஏதோ வாங்கிவிட்டீர்கள் என்றாள்.

உங்களிடமும் இருக்கிறது என்றாள் தாதி.
எனக்கு ஒரு நாள்கூட வயிறு நோகவில்லையே?
சிலருக்கு நோகாது.
ஓட்டுக்குள் நான்கு கருவோடு உறங்கும்,
உறங்கியபடியே வெளியே போகும்,
நகக்கண்ணில் தங்கும்.
இன்னொருவர் குடலில் போய்த்தான் விழிக்கும்.
கடைசியாகப் பயணம் போனது எப்போது?
போன சித்திரை. ஆறு கிழமை.
சொல்லும்போதே என் விரல்கள்
தாமாகவே மடங்கிக்கொண்டன.

தண்ணியாக இருக்குமோ, இந்தக் குழாய்த் தண்ணி?
எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. டார்லீன் அவள் பெயர்.
உங்கள் குழாய்த் தண்ணி
ஏறக்குறைய நூறு மைல் தாண்டி
நான் பிறந்த ஏரியில் இருந்து வருகிறது, என்றாள்.
உங்களுக்குத் திறந்தால் குடிக்கலாம்.
கரையில் இருந்த எங்களுக்கு
காய்ச்சாமல் குடிக்காதே என்று
இருபத்துநான்கு வருஷம் அறிவித்தல்.
நான் போத்தல் தண்ணியில் பல் தீட்டி வளர்ந்தவள்.
அழுக்கு என்ற சொல்லை இந்த வேலையில் நான் பாவிப்பதில்லை.
சரி, பேனை இருக்கிறதா? மருந்தின் பெயரை எழுதுங்கள்.

எழுதினேன்.
சவர்க்காரம், இருபது விநாடி என்பதையும்
பச்சைப் பிள்ளைபோல எழுதினேன்.

சாருஜன் தை மாதம் வீடு வந்தான்.
குளிசை அவன் நாக்கைக் கெடுத்திருந்தது.
அக்கா, வாய்க்குள்
சில்லறைக் காசு கிடக்கிற மாதிரி இருக்கு என்றான்.
நான் மூன்று கடித உறைகளையும் எடுத்து
அவன் கட்டிலில் வைத்தேன்.
எதற்கு என்று கேட்டான்.
அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சொன்னேன்.
படியில் நின்றுகொண்டே, லைட்டைப் போடாமல்.

அவன் ஜன்னலைப் பார்த்தான்.
பனி அதைப் பாதி மூடியிருந்தது.
பிறகு, இரவைக்கு என்ன சாப்பாடு என்றான்.

இடியப்பம்.
சம்பலைக் கரண்டியால் பிசைந்தேன்.
தேங்காய்ப்பூ ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம்,
உப்பு எங்கேயோ.
அவன் எட்டு இடியப்பம் சாப்பிட்டான்.
சம்பல் சரியில்லை என்றான்.
ஓம் என்றேன்.