பத்து கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளத்தில் எடைமேடைச் சீட்டு எழுதுகிறவள் நான்.
சுமையோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
அந்தப் புத்தியோடுதான் மூன்று பள்ளிக்கும் போனேன்,
மார்ச்சில், பரீட்சைக்கு முந்தின வாரம்,
அரைநாள் சம்பளம் போனால் போகட்டுமென்று.

மேட்டுப் பள்ளியில் கம்ப்யூட்டர் பதினொன்று.
ஒன்பதுக்கு உறை மாட்டியிருந்தது,
கட்டாமல் வைத்திருக்கும் பட்டுப்புடவை மாதிரி.
வராந்தா முழுக்க ரயில் வரைந்திருந்தார்கள்,
வகுப்புக்கு ஒரு பெட்டி.
மலையாளம் மட்டும்தான்.
"ரண்டு மாசம் கொண்டு குட்டி படிச்சோளும்"
என்று சிரித்தார் ஹெச்.எம்.
அந்த இரண்டு மாசமும் அவள் யாரோடு பேசுவாள் என்று கேட்க
எனக்கு மலையாளம் வரவில்லை.
வரும். அன்றைக்கு வரவில்லை.

சாவடி தாண்டினால் யூனியன் பள்ளி.
பை, செருப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாம் தருவார்கள்.
ஆறுக்கும் ஏழுக்கும் ஒரே வாத்தியார்,
ஒரே கரும்பலகை, நடுவில் ஒரு கோடு.
நன்றாகத்தான் நடத்தினார், இரண்டு பக்கமும் நின்று கேட்டேன்.
ஆனால் ரோட்டைக் கடக்க வேண்டும்.
அதில் போகிற எந்த லாரி எத்தனை டன் என்று எனக்குத் தெரியும்.
தெரிந்ததுதான் சிரமம்.

மூன்றாவது, சந்தைக்குப் பின்னால்.
தமிழ்ப் பிரிவு. ஓடு இரண்டு இடத்தில் உடைசல்.
ஐந்தாம் வகுப்புக்கு இதுவரை ஏழு பெயர்.
பெண் பிள்ளைகள் கழிவறைக்குள் போய்
தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன்.
விழுந்தது.
மூன்று பள்ளியிலும் விழுந்த தாழ்ப்பாள் அது ஒன்றுதான்.
சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

ஜெசிந்தா டீச்சர் கேட்வரை வந்தார்.
ஜூனில் ஆறாவது வேலைநாள் தலை எண்ணுவார்களாம்.
"ஒண்ணு குறைஞ்சாலும் என் போஸ்ட் போயிரும்" என்றார்.
"அதுக்காகச் சேர்க்க வேண்டாம்" என்றார்.
கேட்டைப் பிடித்துக்கொண்டு,
"சேர்த்தா நல்லாருக்கும்."
மூன்றில் எதையும் அவர் மறைத்துச் சொல்லவில்லை.

வீட்டில் இவர், "மலையாளம் படிச்சா பி.எஸ்.சி. எழுதலாம்ல?"
நியாயம்தான்.
நானும் எழுதினேன் ஒருகாலத்தில்.
இப்போது சீட்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் வண்டி இல்லாத நேரம் பார்த்து
வினிஷாவை மேடையில் ஏற்றினேன்.
முப்பது என்று காட்டியது.
ரேஷன் கடைத் தராசில் முப்பத்தி நாலு.
எங்கள் மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே
எதுவும் தெரியாது.

அவள் இரும்புத் தகட்டின் நடுவில் நின்றபடியே கேட்டாள்:
"அங்க ஏழே பேர்னா,
கபடிக்கு எதிர் டீம் யாரும்மா?"

அதற்கு என் சீட்டில் கட்டம் இல்லை.
தேங்காய் லாரி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது.
"இறங்கு" என்றேன்.