ஈயக்கட்டி

கொக்குவில் சந்தி, சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால்
மழை விட்டு ஒரு மணித்தியாலம்.
பிரதீபனின் ஃபோனில்
புதுச் சீசனின் கார்கள்
ஒவ்வொன்றாய்த் திரை நீக்கப்படுகின்றன.

"பின் சிறகைப் பார்,
அயன் பண்ணுற மேசை மாதிரி."
"நாலு கதவுக் கார்தானேயப்பா,
சனம் மீன் வாங்கப் போறது"
என்று இழுத்தான் றெஜி.
"அதாலைதான் பாக்கிறன்."
மேகலாவுக்கு லீசிங் கொம்பனியில் வேலை;
போன வருஷச் சுற்று நேரமெல்லாம்
தசமத்தோடு வாயில் நிற்கும்.

புது எஞ்சின், புது டயர், எல்லாம் சரி,
பழைய விதி மட்டும் மாறவில்லை:
வென்றவனின் காரில்
அடுத்த ஓட்டத்துக்கு
ஈயக்கட்டி ஏற்றுவார்கள்.

"வெண்டதுக்குத் தண்டனையோ?"
"இல்லாட்டி ஆர் உன்னோடை ஓடுறது?"

பிரதீபன் திரையைத் துடைத்தான்.
கிறீஸ் இன்னும் பரவியது.
சார்ஜ் பதினொரு வீதம்.
முதல் ஓட்டம் ஒன்பது மணிக்கு.

அதற்குள் வந்துவிடுவேன் என்று
றெஜி ஓட்டோவை உதைத்தான்.
பின்சீற்றில் நாலு சிமெந்துப் பை,
சுன்னாகத்துக்கு.
இதுவரை
ஒன்றும் வெல்லாமலே.

மதகடி வளைவில்
பிரேக் விளக்கு
ஒரேயொரு தரம் சிவந்தது.
பிந்தித்தான் பிடித்திருக்கிறான்.

மேகலா நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.