ஆறாவது குழி

இந்த ஊரில் இதற்குப் பெயர் பக்கி.
திருவிழாவுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த நாயனக்காரர்
அந்தச் சொல்லைக் கேட்டுத்
தோள் குலுங்கச் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
முன்னால் இரண்டு பேர் உட்காரலாம்,
பின்னால் திறந்த தொட்டியில்
பத்தொன்பது கிலோ சிலிண்டர் இருபது.
டோங்காட்டில் ஏற்றி
ந்த்வெட்வே மலைமேல் இறக்குகிறேன்,
பதினோரு வருடமாக.

பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கியவன்போல
வண்டிக்குப் பின்புறம் தொங்கிப்போயிற்று.
இரவில் முன்விளக்குகள் ரோட்டை விட்டுவிட்டு
மாமரத்தில் எதையோ தேடின.

பாலிட்டோவில் ஒரு பல் டாக்டர்
காடுமேடு ஏறும் மாடலாகப் பார்த்து வாங்கினார்.
மனைவிக்கு ஏறி இறங்கக் கஷ்டம்.
கம்பெனியே பூட்டி அனுப்பியதைக் கழற்றிவிட்டுத்
தாழ்வானதை மாட்டிக்கொண்டார்.
கராஜில் துணி விரித்து வைத்திருந்தார்:
முன்சுருள் இரண்டு, பின்பட்டைக் கட்டு இரண்டு,
என் முழங்கைத் தடிமனில் ஷாக் நான்கு.
சுருளில் கம்பெனி வைத்த மஞ்சள் பொட்டும்
பக்கத்தில் ஒரு நீலமும்
அழியாமல் இருந்தன.
சேறென்றால் என்னவென்றே தெரியாத இரும்பு.
ஆறாயிரம் ராண்ட் என்றார்.
நாலரை என்றேன்.
என் பல்லைப் பார்த்தபடியே ஐந்து என்றார்.

பூபாலன் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை.
துளைக்குத் துளை பொருந்தியது,
வெல்டிங் இல்லை, அறுப்பு இல்லை.
பழையதைக் கழற்றுவதுதான் பாடு.
கடற்காற்றில் துருவேறிய ஒரு போல்ட்
அரை டப்பா எண்ணெய் குடித்தும் அசையவில்லை.
பூபாலனிடம் மிச்சமிருந்த தமிழ் முழுவதும்
அந்த போல்ட்டுக்கே செலவானது.
எல்லாம் கெட்ட வார்த்தை.

புஷ் போல்ட்டை இறுக்க ஸ்பேனரை எடுத்தேன்.
கையைத் தட்டிவிட்டான்.
அந்தரத்தில் தொங்கும்போது இறுக்காதே மோகாம்பரி,
ரப்பர் முறுக்கிக்கொண்டே காலம் தள்ளும்.
கீழே இறக்கு.
தன் எடையைத் தானே தாங்கி நிற்கட்டும்,
அப்புறம் இறுக்கு.

என் கல்யாணத்துக்கு முன்னால்
யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

திங்கள் விடியலில் மலையெல்லாம் பனி.
அந்த ரோட்டை நான் கண்ணால் ஓட்டியதில்லை,
இடுப்பால் ஓட்டினேன்.
பள்ளிக்கூட வாசலில் முதல் குழி,
பாலத்துக்கு முன் இரட்டைக் குழி,
நாக்கைக் கடிக்கவைக்கும் நாலாவது,
சின்னதாக ஒரு ஐந்தாவது,
முதுகுத்தண்டில் மணியடிக்கும் ஆறாவது.
அங்கே இடப்பக்கம் திரும்பினால்
தோகோஸீலே வீடு.

எண்ணிக்கொண்டே போனேன்.
எண்ண எதுவும் வரவில்லை.
அத்தனை குழியையும் விழுங்கிவிட்டு
வண்டி ஒரு ஏப்பம்கூட விடவில்லை.
கிளினிக் போர்டு பனியிலிருந்து எட்டிப்பார்த்தபோதுதான்
இரண்டு கிலோமீட்டர் தாண்டியிருந்தது தெரிந்தது.

திரும்பி வந்தேன்.
அடுப்பு அணைந்து, சட்டியில் எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.
முதல் ஈடு மக்வின்யா
பாதி வெந்து வெளுத்து மிதந்தது.
வேலிக்கு வெளியே சீருடையில் ஏழெட்டுப் பிள்ளைகள்,
கையில் சில்லறை.

உன் சத்தமே வரலையே என்றாள் தோகோஸீலே.
இரண்டு மலைக்கு அப்பாலேயே
சிலிண்டர்கள் முட்டிக்கொள்வது கேட்கும்,
கேட்ட பிறகுதான் அவள் மாவையே உருட்டுவாள்.
பதினோரு வருடம் என் எலும்பு நொறுங்கிய ஓசையில்
ஒருத்தி நேரம் பார்த்திருக்கிறாள்.
எனக்குத் தெரியாது.

சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில்
கையை நுழைத்துப் பார்த்தாள்.
வளர்ந்திருக்கா?
மூன்று விரல், என்றேன்.
வெளுத்த மக்வின்யா ஒன்றைக் கையில் திணித்தாள்.
உள்ளே மாவு பிசுபிசுத்தது. தின்றேன்.

இப்போது கரும்பு லாரிகள் நிற்கும் வளைவில்
ஹாரன் அடிக்கிறேன், மூன்று தடவை.
கழுத்தைப் பிடித்த கோழிமாதிரிக் கத்துகிறது.
அந்தப் பல் டாக்டரிடம்
ஹாரனும் இருக்கிறதா என்று
கேட்டுப் பார்க்கவேண்டும்.