கடைசி விலை

டோர்டோய் சந்தையில் எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு தகரச் சுவர்தான்.
புருல்சா பக்கம் காலணி, என் பக்கம் காலுறை.

ஜனவரிக் குளிரில் கால்குலேட்டர் செத்துக் கிடக்கும்.
அக்குளில் வைத்து உயிர்ப்பித்து
கசாக் வியாபாரிக்கு எண்ணைக் காட்டுவாள்.
கடன்காரர் பெயர்களெல்லாம்
செருப்புப் பெட்டி மூடிகளில்.

தேர்தலுக்கு நின்ற வருஷம்
மூடிகளை அள்ளி அடுப்பில் போட்டாள்,
நாங்கள் பார்க்க.
நானூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தாள்.
மூடிகள் எத்தனை என்று நான் எண்ணவில்லை.

பிஷ்கேக் மன்றத்தில்
அவளுக்கு இரண்டே பொத்தான்,
பச்சை, சிவப்பு.
சுங்க வரி மசோதா வந்த அன்று
டீக்கடைத் தொலைக்காட்சி முன் சந்தையே நின்றது.
அவள் விரல் இறங்காமல் கொஞ்சம் தயங்கியது.
எனக்குத் தெரியும் அந்தத் தயக்கம்:
வாங்க வந்தவன் போய்விடுவானோ, இன்னும் பத்து குறைக்கலாமோ...

பச்சை.

வெள்ளிக்கிழமை வந்தாள். பின்னால் ஒரு காவலன்.
அவள் பழைய கடையில் இப்போது குடை விற்கிறார்கள்;
அந்தப் பக்கம் திரும்பவில்லை.
என்னிடம் மூன்று ஜோடி கம்பளிக் காலுறை எடுத்தாள்.
புது வரியும் சேர்த்து விலை சொன்னேன்.

இருபது வருஷத்தில் முதல் தடவை
பேரம் பேசாமல் நீட்டினாள்.

மீதியை நான் தரவில்லை.
கேட்டிருந்தால்
தந்திருப்பேன்.